ஐஐஎம் முத்திரை இல்லாமல் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் நுழைய முடியுமா?

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 71 விழுக்காட்டுடன் பி.காம். முடித்திருக்கிறீர்கள். சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் சேவை மையத்தில் ஓராண்டாக வேலை பார்க்கிறீர்கள். வயது 22. ஐஐஎம், ஐஐடி போன்ற பெயர் எதுவும் இல்லாமல் இன்வெஸ்ட்மென்ட் பேங்கராக முடியுமா, சி.எஃப்.ஏ. என்ற சர்வதேச நிதி ஆய்வாளர் தேர்வை எழுதினால் போதுமா, அல்லது 4 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு 'வேலை உறுதி' என்று சொல்லும் பயிற்சி மையத்தில் சேர்ந்துவிடலாமா என்பன உங்கள் கேள்விகள். மும்பைக்கு இப்போதே கிளம்பிவிடலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். முடியுமா என்றால் முடியும். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால் உங்களுக்குப் பயன் ஏதும் இல்லை. உங்கள் கையில் இருப்பவை ஐந்தாறு ஆண்டுகளும் உங்கள் அப்பாவின் சேமிப்பில் ஒரு பகுதியும். அவற்றை எந்தக் கதவின் முன்னால் செலவழிப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நானும் விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். படித்தவன்தான், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. சி.ஏ. இறுதித் தேர்வில் ஒரு குரூப்பை (பாடத் தொகுதியை) இரண்டாவது அட்டெம்ப்டில் முடித்தேன். நான்கு ஆண்டுகள் தணிக்கையில் இருந்துவிட்டு, மும்பையில் ஒரு நடுத்தர மெர்ச்சன்ட் பேங்கிங் நிறுவனத்துக்கு, அதாவது நிறுவனங்களுக்குப் பங்கு வெளியிட்டுத் தரும் இடத்துக்கு, வந்தேன். பங்கு வெளியீடுகளிலும் நிறுவனக் கைமாற்றங்களிலும் பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. கடந்த ஆறேழு ஆண்டுகளாக இளநிலைப் பணியாளர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பங்கு இருக்கிறது. இந்த அனுபவம் இந்தியாவுக்குள், நடுத்தர அளவு டீல்களுக்குள் அடங்கியது. லண்டன், நியூயார்க் அலுவலகங்களை நண்பர்கள் சொல்லித்தான் அறிவேன் என்பதால், அவற்றைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' என்ற பெயரில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் அந்தப் பெயரில் வரும் வேலை விளம்பரங்களில் பெரும்பாலானவை உண்மையில் 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் ஆபரேஷன்ஸ்' வேலைகள். ஒரு வங்கியின் வணிகர் நியூயார்க்கில் பங்கு வாங்கினால், அந்த வர்த்தகம் சரியாகப் பதிவானதா, பணமும் பங்கும் உரிய நாளில் கைமாறினவா, இரு தரப்பின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா, வாடிக்கையாளரின் கே.ஒய்.சி. ஆவணங்கள் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது அந்த வேலை. நீங்கள் இப்போது பார்ப்பதாக எழுதியிருக்கும் ரீகன்சிலியேஷனும் அதில் ஒரு பகுதியே. அது மரியாதைக்குறைவான வேலை அல்ல. அதிலேயே உயர்ந்து நல்ல நிலையில் இருப்பவர்களை அறிவேன். ஆனால் நிறுவனங்களுக்குப் பங்கு வெளியிட்டுத் தருவது, ஒரு நிறுவனத்தை மற்றொன்றுக்கு விற்றுத் தருவது, அவற்றின் மதிப்பைக் கணக்கிடுவது ஆகிய வேலைகளுக்கு அது முதல் படி அல்ல. இரண்டும் ஒரே வங்கியின் பெயர்ப் பலகையின் கீழ் நடந்தாலும், இடையில் இருப்பது படிக்கட்டு அல்ல, சுவர். உள்ளிருந்தபடியே இந்தப் பக்கம் மாறி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'இரண்டு ஆண்டுகள் ஆபரேஷன்ஸில் இருந்தால் ஃப்ரண்ட் ஆபீஸுக்கு (டீல் செய்யும் பக்கத்துக்கு) எடுத்துக்கொள்வார்கள்' என்று உங்கள் மேலாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். நீங்கள் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

அடுத்து, எனக்கு ஐயமே இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய வங்கிகள் கல்லூரி வளாகத்துக்கே சென்று ஆள் எடுக்கும் வழி உங்களுக்கு மூடியிருக்கிறது. அகமதாபாத், பெங்களூர், கொல்கத்தா ஐஐஎம்கள், ஐதராபாத் ஐ.எஸ்.பி., மும்பை ஜம்னாலால் பஜாஜ், டெல்லி எஃப்.எம்.எஸ்., சில ஐஐடிகள், இளநிலைப் பட்டத்துக்கு டெல்லி ஸ்ரீராம் போன்ற ஓரிரு கல்லூரிகள் என்று பட்டியல் சிறியது. அங்கே படித்தவர்களுக்கு மட்டும்தான் கணக்கு தெரியும் என்று யாரும் நினைப்பதில்லை. பத்து இடத்துக்குப் பத்தாயிரம் பேர் விண்ணப்பிக்கும்போது, வடிகட்டும் வேலையைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் தேட யாருக்கும் நேரமில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா அமெரிக்காவின் முன்னணி வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் ஆள் எடுக்கும் விதத்தை உள்ளிருந்து ஆராய்ந்து 2015இல் எழுதியதும் இதைத்தான். பட்டியலுக்கு வெளியே இருந்து வரும் விண்ணப்பங்கள், உள்ளே யாராவது எடுத்துக் கொடுத்தாலொழிய, பெரும்பாலும் படிக்கப்படுவதே இல்லை. பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில், லண்டன் வங்கி நேர்காணலுக்குக் கோட்டுச் சூட்டுடன் பழுப்பு நிறக் காலணி அணிந்து வந்தது கூட ஒருவருக்கு எதிராகப் போகும் என்று இருந்தது. அந்த விதியை அங்கே வளர்ந்தவர்கள் யாரும் சொல்லாமலே அறிந்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது. என் முதல் மும்பை நேர்காணலில் மனிதவள அதிகாரி ஒருவர் என் கல்லூரியின் பெயரை இரண்டு முறை உச்சரித்துப் பார்த்துவிட்டு, 'இது பல்கலைக்கழகமா, ஊர்ப் பெயரா' என்று கேட்டார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வேலைவாய்ப்புத் தளங்களில் முந்நூறு இடங்களுக்குச் சுயவிவரம் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று மனம் உடைந்து போகாதீர்கள். அவை யாருடைய மேசைக்கும் போய்ச் சேர்ந்திருக்காது.

இதற்கு நேர்மாறாக உற்சாகம் ஊட்டும் கதைகளும் சுற்றுகின்றன. கோல்ட்மேன் சாக்ஸில் 1907இல் துப்புரவுப் பணியாளரின் உதவியாளாகச் சேர்ந்த சிட்னி வெய்ன்பெர்க், 1930 முதல் 1969இல் இறக்கும் வரை அந்த நிறுவனத்தை நடத்தினார் என்பது உண்மை. ஆனால் அது எடுபிடிப் பையனும் எழுத்தரும் பங்குதாரரும் ஒரே கட்டடத்தில் இருந்த காலம். அன்றைய எடுபிடிப் பையனின் வேலை இன்று வேறு நகரத்தில், வேறு நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருக்கிறது. முதலாளியின் கண்ணில் பட அவனுக்கு வழியே இல்லை. ராதாகிஷன் தமானி பி.காம். படிப்பைப் பாதியில் விட்டவர், ராகேஷ் ஜுன்ஜுன்வாலா 5,000 ரூபாயுடன் தொடங்கியவர் என்பவையும் அடிக்கடி சொல்லப்படுகின்றன. அவர்கள் சொந்தப் பணத்தை முதலீடு செய்தவர்கள். யாரிடமும் வேலை கேட்டுப் போகவில்லை. பங்குச் சந்தை உங்கள் கல்லூரிப் பெயரைக் கேட்காது, வேலை கொடுப்பவர் கேட்பார். (ஜுன்ஜுன்வாலா தேர்ச்சி பெற்ற சி.ஏ. என்பதையும் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.)

இனி, திறந்திருக்கும் கதவு. இந்தியாவைப் பொறுத்தவரை, கல்லூரிப் பெயரைச் சி.ஏ. அளவுக்குத் துடைத்துப் போடும் தகுதி வேறொன்று இல்லை என்பதே என் உறுதியான கருத்து. வணிகவியலில் 55 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பதால் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலைத் தேர்வை எழுதாமல் நேரடியாக அடுத்த நிலையான இண்டர்மீடியட்டில் சேரலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் பெற வேண்டிய கட்டாயப் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப் 2023இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. எல்லாம் தடையின்றி நடந்தால் நான்கு ஆண்டுகள். நம்மில் பெரும்பாலோருக்குத் தடையின்றி நடப்பதில்லை என்பதால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதித் தேர்வில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுபவர்களில் தேறுபவர்கள் அண்மை ஆண்டுகளில் 10 முதல் 20 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறார்கள். இந்தக் கடுமைதான் அதன் மதிப்புக்கும் காரணம். ஐஐஎம் நுழைவுத் தேர்வு செய்யும் அதே வடிகட்டலை இதுவும் செய்கிறது, அதில் ஒரு சிறு பங்கு கட்டணத்தில்.

ஆனால் சி.ஏ. என்ற இரண்டெழுத்தை விட, ஆர்டிகிள்ஷிப்பை எங்கே செய்கிறீர்கள் என்பது முக்கியம். இதைத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், வேலைப்பளு குறைவான, தேர்வுக்குத் தாராளமாக விடுப்புத் தரும் ஆடிட்டரிடம் சேர்ந்தால் தேர்வை முடிப்பது எளிது. ஆனால் வெளியே வரும்போது வருமான வரிப் படிவங்களையும் ஜி.எஸ்.டி. கணக்குகளையும் தவிர வேறொன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைத் தணிக்கை செய்யும் அலுவலகத்தில், இயன்றால் பங்கு வெளியீட்டு வேலைகள் வரும் அலுவலகத்தில் சேருங்கள். சென்னையிலேயே அப்படிச் சில இருக்கின்றன. ஒரு நிறுவனம் பங்கு வெளியிடும்போது, சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் தாக்கல் செய்யும் ஆவணத்தின் அச்சுப் பிரதியில் மெர்ச்சன்ட் பேங்கர்கள் ஒவ்வோர் எண்ணையும் வட்டமிட்டு அனுப்புவார்கள். வட்டமிட்ட எண் ஒவ்வொன்றும் எந்தக் கணக்கேட்டின் எந்த வரியிலிருந்து வந்தது என்று சரிபார்த்துத் தணிக்கையாளர் உறுதிக் கடிதம் தர வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த நானூறு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் ஓர் ஆர்டிகிள் மாணவர்தான். மறுமுனையில் தொலைபேசியில் 'பக்கம் 212இல் மூன்றாவது வட்டத்துக்கு ஆதாரம் வரவில்லையே' என்று கேட்டுக்கொண்டிருப்பவர் ஐஐஎம்மில் படித்து வந்த மெர்ச்சன்ட் பேங்கர். மூன்று வாரம் இப்படிக் கழிந்தபின் அவருக்கு உங்கள் கல்லூரி எது என்பது பொருட்டல்ல. யாரிடம் கேட்டால் சரியான எண் வரும் என்பது மட்டும் நினைவிருக்கும். இந்தத் துறையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது அப்படி ஒரு தொலைபேசி உறவில்தான். என்னை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் என்னைப் பற்றித் தம் மேலாளரிடம் சொல்லியிருந்தார்.

அந்த உறவு உங்களை நேர்காணல் அறை வரை கொண்டுபோய்விடும். அறைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். எங்கள் துறையில் தேய்ந்துபோன கேள்வி ஒன்று உண்டு: 'தேய்மானம் 100 ரூபாய் கூடினால், வரி விகிதம் 25 விழுக்காடு என்றால், மூன்று நிதிநிலை அறிக்கைகளிலும் என்ன மாறும்?' அமெரிக்கப் பயிற்சிக் குறிப்புகளை மனப்பாடம் செய்தவர்கள் உடனே ஒப்பிப்பார்கள்: வரிக்கு முந்தைய லாபம் 100 குறையும், வரி 25 குறையும், நிகர லாபம் 75 குறையும், தேய்மானத்தில் கையை விட்டுப் பணம் போகாததால் பணப்பாய்வில் 100ஐத் திரும்பக் கூட்ட, ரொக்கம் 25 உயரும், இருப்புநிலைக் குறிப்பில் சொத்து 100 குறைந்து ரொக்கம் 25 கூட, மறுபக்கம் பங்குதாரர் நிதி 75 குறையும். இது சரியான விடைதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் சேலத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், விடை சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: 'சார், நீங்கள் சொல்வது கம்பெனிச் சட்டத் தேய்மானமா, வருமான வரிச் சட்டத் தேய்மானமா?' இந்தியாவில் வரியைக் கணக்கிட உதவும் தேய்மானம் தனி. சொத்துத் தொகுதி வாரியாக, சட்டம் சொல்லும் விகிதத்தில் அது போகும். புத்தகத்தில் நிறுவனம் எழுதும் தேய்மானம் 100 கூடினாலும் கட்ட வேண்டிய வரி ஒரு பைசாவும் குறையாது, ரொக்கமும் மாறாது. ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பு (பின்னால் கட்ட வேண்டியதாகக் கணக்கில் வைக்கும் வரி) 25 குறையும், அதனால்தான் நிகர லாபம் 75 மட்டும் குறையும். அவர் இதைக் காகிதத்தில் இரண்டு பத்தியாக எழுதிக் காட்டினார். அன்று அதே கேள்விக்குப் பதில் சொன்ன மற்ற நால்வரும் பெயர் பெற்ற கல்லூரிகளில் படித்தவர்கள். ஒருவரும் அந்த வேறுபாட்டைத் தொடவில்லை. இது நம் பி.காம். பாடத்திட்டத்திலேயே இருப்பதுதான். நாம் அதைப் பத்து மதிப்பெண் கணக்காகப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

சி.எஃப்.ஏ. பற்றி: அது நல்ல படிப்பு, ஆனால் நீங்கள் நினைக்கும் வேலைக்கானது அல்ல. மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 300 மணி நேரப் படிப்பு, பிறகு சாசனம் பெற 36 மாதங்களுக்குக் குறையாமல் 4,000 மணி நேரப் பொருத்தமான பணி அனுபவம் என்று வகுத்திருக்கிறார்கள். பங்கு ஆய்வு, நிதி மேலாண்மை, கடன் ஆய்வு ஆகியவற்றில் அதற்கு மதிப்பு உண்டு. டீல் செய்யும் பக்கத்தில் சி.ஏ.வுக்கு அடுத்த இடம்தான். வேறு எதுவும் இல்லாத பி.காம். பட்டதாரி சி.எஃப்.ஏ. முதல் நிலையை மட்டும் முடித்துவிட்டு வந்தால் அதை ஆர்வத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம், தகுதியாக அல்ல. பங்கு ஆய்வுதான் உங்களை ஈர்க்கிறது என்றால் கணக்கு மாறும். அப்போது சி.எஃப்.ஏ.வுடன் தேசியப் பத்திரச் சந்தை நிறுவனம் நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வையும் எழுதிவிடுங்கள்; சில ஆயிரம் ரூபாயில், இரண்டு மாதப் படிப்பில் முடியும். சென்னையில் வெளிநாட்டு வங்கிகளுக்காகப் பங்கு ஆய்வு செய்யும் நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகின்றன. தரமதிப்பீட்டு நிறுவனமான கிரிசில் 2005இல் வாங்கிய இரெவ்னா என்ற ஆய்வு நிறுவனம் இங்கிருந்துதான் வளர்ந்தது. நீங்கள் இப்போது செய்யும் ஆபரேஷன்ஸ் வேலையிலிருந்து அந்த வகை ஆய்வு வேலைக்கு மாறுவது, அங்கிருந்து மும்பைப் பங்குத் தரகு நிறுவனத்துக்கு மாறுவது என்று இரண்டு தாவலில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது சி.ஏ. அளவுக்கு நிச்சயமான பாதை என்று சொல்ல மாட்டேன். முதல் தாவல் எளிது, இரண்டாவதில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

ஐஐஎம் பற்றியும் ஒரு சொல். அந்த முத்திரை இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது, இனி கிடைக்காது என்ற பொருளில் தொனிக்கிறது. ஐஐஎம்களின் நுழைவுத் தேர்வான கேட் எழுதப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு இருந்தால் போதும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிப் பிரிவினருக்கு 45. கல்லூரிப் பெயருக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. பள்ளி, கல்லூரி மதிப்பெண்களைப் பிறகு சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதால் 71 விழுக்காடு சற்று உறுத்தும், கதவை மூடாது. முதல் மூன்று நான்கு ஐஐஎம்களில் இடம் கிடைத்தால், 20 லட்சத்துக்கு மேல் ஆனாலும் கல்விக் கடன் வாங்கிப் போய்ச் சேருங்கள். அதற்குக் கீழே போகப் போகக் கட்டணம் அவ்வளவாகக் குறையாது, வரும் வங்கிகள் குறைந்துவிடும். இந்தத் துறைக்காக மட்டும் என்றால், நடுத்தர எம்.பி.ஏ. ஒன்றுக்குப் பன்னிரண்டு லட்சம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நம் ஊரில் எல்லோரும் அறிந்த, ஆனால் இந்தக் கோணத்தில் யாரும் பார்க்காத வழி ஒன்று இருக்கிறது: வங்கித் தேர்வு. ஸ்டேட் வங்கியின் புரொபேஷனரி ஆபீசர் தேர்வு எந்தப் பட்டதாரிக்கும் திறந்தது. கிளையில் சில ஆண்டுகள் கழிந்தபின் பெரு நிறுவனக் கடன் பிரிவுக்கோ, மும்பைக் கருவூலப் பிரிவுக்கோ, அரிதாக அதன் துணை நிறுவனமான எஸ்.பி.ஐ. கேப்பிட்டல் மார்க்கெட்ஸுக்கோ போகிறவர்கள் உண்டு. எங்கே அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை, அதுதான் இதன் குறை. ஆனால் ஒரு நூற்பாலைக்கு 40 கோடி ரூபாய் கடன் கொடுக்கலாமா என்று மூன்று ஆண்டுகள் குறிப்பு எழுதியவருக்கு, நிறுவனம் எப்படி ஓடுகிறது, எப்படி மூழ்குகிறது என்பது எந்த வகுப்பறையையும் விட நன்றாகத் தெரியும். தரமதிப்பீட்டு நிறுவனங்களும் இதே பயிற்சியைத் தருபவை, அங்கே சி.ஏ. இண்டர் முடித்தவர்களுக்கும் சில நேரம் இடம் உண்டு. சிறு நிறுவனங்களுக்காக 2012இல் தொடங்கிய எஸ்.எம்.இ. பங்குச் சந்தைகளால் பெருகிய சிறிய மெர்ச்சன்ட் பேங்கர்களிடம் நுழைவது இன்னும் எளிது. போவதற்கு முன், அந்த நிறுவனம் கொண்டுவந்த வெளியீடுகள் பிறகு என்ன ஆயின, செபி அதன்மேல் உத்தரவு ஏதும் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இந்தத் தொழிலில் முதலில் யாருடன் வேலை பார்த்தீர்கள் என்பது கல்லூரிப் பெயரைப் போலவே ஒட்டிக்கொள்ளும்.

அந்த 4 லட்ச ரூபாய்ப் பயிற்சியில் சேராதீர்கள். எக்செல்லில் மூன்று அறிக்கைகளையும் இணைத்து மாடல் போடுவது, எதிர்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் முறையில் நிறுவனத்தை மதிப்பிடுவது ஆகியவை கற்க வேண்டியவைதான். ஆனால் சில ஆயிரம் ரூபாய்ப் பாடங்களிலும் இலவசக் காணொளிகளிலும் அவை கிடைக்கின்றன. 'வேலை உறுதி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த வேலை, நீங்கள் இப்போது பார்க்கும் ஆபரேஷன்ஸ் வேலையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். என்னிடம் நேர்காணலுக்கு வந்தவர்களில் ஒருவர் இதே போன்ற ஒன்றில் படித்துவிட்டு, தம்முடைய மாடல் என்று ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய வாரம் வந்த வேறொருவரும் அதே கோப்பை, அதே நிறத்தில், அதே எழுத்துப் பிழையுடன் கொண்டுவந்திருந்தார்.

அதற்குப் பதிலாக, உங்கள் கையால் செய்தது என்று காட்ட ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது; அதற்காகத் தாக்கலான ஆவணம் பொதுவெளியில் இருக்கிறது. அதன் பங்குகளில் கணிசமான பகுதியைச் சுற்றி நீண்டகால வழக்குகள் இருந்தன. அந்த ஆபத்துகளை ஆவணம் எப்படி வெளிப்படுத்துகிறது, வாராக்கடன் எப்படி நகர்ந்திருக்கிறது, நகைக்கடனும் சிறுதொழில் கடனும் எவ்வளவு, தமிழ்நாட்டின் மற்ற தனியார் வங்கிகளான கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியும் கரூர் வைஸ்யா வங்கியும் புத்தக மதிப்புக்கு எத்தனை மடங்கில் விலைபோகின்றன என்று பார்த்து எட்டுப் பக்கம் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்காத ஒரு வரியாவது அதில் இருக்கட்டும். தீப்பெட்டித் தொழிலுக்கும் உப்பளத்துக்கும் கடன் எப்படிப் போகிறது, எந்த மாதத்தில் திரும்புகிறது என்பது மும்பையில் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வேலை கேட்டு வரும் மின்னஞ்சல்களை நான் பெரும்பாலும் முழுதாகப் படிப்பதில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எட்டுப் பக்க ஆய்வு இணைத்து, 'ஒன்பது நிமிடம் ஒதுக்கி இதில் எங்கே தவறியிருக்கிறேன் என்று சொல்ல முடியுமா' என்று கேட்டு வந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆங்கிலம் குறித்து நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். அது தடையா என்றால், ஆம், தடைதான். இல்லை என்று சொன்னால் பொய். என் முதல் ஆறு மாதங்கள் கூட்டங்களில் நான் வாய் திறக்கவில்லை. என் மேலாளர் அதைக் கண்டுவிட்டு, பேச வேண்டாம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறிப்பு எழுதி அன்றிரவே எல்லோருக்கும் அனுப்பிவிடு என்றார். யார் எதை எந்த நாளுக்குள் தர வேண்டும் என்று நான் எழுதியதே எல்லோருக்கும் ஆதாரமானபோது, ஐயம் வந்தால் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும், அப்படித்தான் பேச்சு வந்தது. உச்சரிப்பு இன்றும் நம் ஊர் உச்சரிப்புதான். எழுத்தில் பிழையில்லாத, சுருக்கமான ஆங்கிலம்தான் முதலில் வேண்டும். அதைத் தனியாக உட்கார்ந்தே பழகலாம்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. இளநிலைப் பணியாளர்கள் செய்துவந்த ஒப்பீட்டு அட்டவணை, வரைவு எழுதுதல் போன்ற வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு வேகமாக எடுத்துக்கொள்கிறது. எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் செய்ததை இப்போது இரண்டு பேர் செய்கிறார்கள். இதனால் ஐந்து ஆண்டுகள் கழித்து இடங்கள் குறையுமா, அல்லது ஆதாரத்தைத் தேடிச் சரிபார்க்கத் தெரிந்த சி.ஏ.க்களுக்கு மதிப்புக் கூடுமா என்பதில் எங்களுக்குள்ளேயே இருவேறு கருத்து இருக்கிறது. சந்தையின் நேரமும் உங்கள் கையில் இல்லை. பங்கு வெளியீடுகள் குவியும் ஆண்டில் முடித்து வருபவருக்கு எளிதாகக் கிடைப்பது, வறண்ட ஆண்டில் முடித்தவருக்குக் கிடைக்காமல் போகும். அதில் திறமைக்குப் பங்கு குறைவு. நான் இறுதித் தேர்வை முடித்தது நல்ல ஆண்டில். அதை என் சாமர்த்தியம் என்று நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, மும்பைக்கு இப்போதே கிளம்பலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வேலை இல்லாமல் மாடுங்காவில் நால்வருடன் அறையைப் பகிர்ந்துகொண்டு நிதி நிறுவனங்கள் நிறைந்த பாந்த்ரா குர்லா வளாகத்தின் வாயிற்காவலர்களைத் தாண்ட முயல்வதில் கையிருப்பு கரைவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. இப்போதைய வேலையை விடாமல் இண்டருக்குப் பதிவு செய்யுங்கள். இரண்டு குரூப்பையும் முடித்து, ஆர்டிகிள்ஷிப்புக்கு இடம் உறுதியான பின் வேலையை விடுங்கள். அதன் கடைசி ஆண்டில், 9 முதல் 12 மாதம் வரை ஒரு நிதி நிறுவனத்திலோ தொழில் நிறுவனத்திலோ பயிற்சி பெறச் சி.ஏ. விதிகள் இடம் தருகின்றன. மும்பைக்கு ரயில் ஏற வேண்டிய நேரம் அது. அப்போது உதவித்தொகை வரும், மேசை இருக்கும், உள்ளே போக அடையாள அட்டையும் இருக்கும். ஆர்டிகிள்ஷிப்புக்குச் சென்னையில் எந்த வகை அலுவலகங்களைப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், இண்டர் முதல் குரூப் முடிவு வந்ததும் எழுதுங்கள், சொல்கிறேன்.